வெடிமருந்து அறையில் பூக் கேட்டது

நங்கை,

உங்கள் மகள் கோகிலா போன வாரம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தரங்கம்பாடிக்குப் போயிருக்கிறாள். பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டால் அவளுக்கு வீட்டில் கால் நிற்காது, உங்களுக்குத் தெரியாததா. போன இடத்திலிருந்து என் போனுக்குப் பதினேழு படம் அனுப்பியிருந்தாள். பதினாறு படத்திலும் அவள் பிள்ளைகள் நாக்கை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். பதினேழாவது படத்தில் ஆள் யாரும் இல்லை. உருண்டைக் கூரை போட்ட ஒரு சின்னக் கட்டடம். குனிந்து நுழைகிற அளவுக்கு ஒரு வாசல். ஜன்னல் கிடையாது. புதிதாக வெள்ளையடித்திருக்கிறார்கள். பக்கத்தில் ஒரு நீலப் பலகை. கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, படத்தை விரலால் பெரிதாக்கிப் படித்தேன். பழைய வெடிமருந்துக் கிடங்கு என்று எழுதியிருக்கிறது. அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிட்டது. எனக்கு எழுந்து போய் அணைக்கத் தோன்றவில்லை.

அது கோயில் இல்லையா, நங்கை? முப்பத்திரண்டு வருஷமாக நான் அதைக் கோயில் என்றல்லவா நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. இருந்திருந்தால் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஒரு போன் போட்டிருப்பேன். "அட, அதுக்கென்னம்மிணி இப்ப" என்று நீங்கள் ஒரே வார்த்தையில் முடித்திருப்பீர்கள். நானும் போய்ப் படுத்திருப்பேன். செத்தவர்களுக்குக் கடிதம் எழுதுகிற ஆள் இல்லை நான். கடைசியாக உட்கார்ந்து எழுதியது, தெருவிளக்கு எரியவில்லை என்று பஞ்சாயத்துக்குப் போட்ட மனு. அதற்கே பதில் வரவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன். தலைக்குள்ளேயே வைத்திருந்தால் எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்று எல்லாம் கலந்துபோகிறது. முதலிலிருந்து வரிசையாகச் சொல்லிப் பார்க்கிறேன். தப்பாகச் சொல்கிற இடத்தில் நீங்கள் சிரித்துக்கொள்ளுங்கள்.

கோகிலாவின் சின்னவன் ஒருநாள் என்னைக் கேட்டான், அண்ணன் சம்சாரத்தை அண்ணி என்று கூப்பிடாமல் அதென்ன நங்கை என்று. நம் பக்கம் அப்படித்தான் சாமி என்றேன். அவனுக்கு விளங்கவில்லை. எனக்கு நீங்கள் அண்ணியாக எத்தனை நாள் இருந்தீர்கள்? அண்ணன் இருந்த ஐந்து வருஷம். அப்புறமும் நங்கைதான், ஆனால் வேறு மாதிரி. ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் வண்டியோடு வடக்கே போனவன் அண்ணன். காய்ச்சல் என்று ஒரு தந்தி வந்தது. மறுநாள் வந்த தந்தியில் ஆள் இல்லை. கோகிலாவுக்கு அப்போது மூன்று வயது, உங்களுக்கு இருபத்தெட்டு. உங்கள் அப்பா வந்து கூப்பிட்டார், நீங்கள் போகவில்லை. எங்கள் அம்மாவுக்கு முட்டி பிடித்துக்கொண்டு நடக்க முடியாது. அண்ணன் ஆரம்பித்துவிட்டுப் போன பண்ணையில் இரண்டாயிரம் கோழி. நான் இருபத்துநான்கு வயதில் கல்யாணமாகாமல் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தேன். நீங்கள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கோழிக்குத் தீவனம் போடப் போனீர்கள்.

ஊசிக்காரர் அந்த நாளிலிருந்துதான் வர ஆரம்பித்தார். கோழிக்குத் தடுப்பூசி போடுகிறவர். மாதம் ஒருமுறை மோட்டார் சைக்கிளில், ஐஸ் போட்ட மருந்துப் பிளாஸ்க்கைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வருவார். வாழப்பாடிக்காரர். சம்சாரம் பிரசவத்தில் போய்விட்டதாகச் சொன்னார்கள். நம்மைப்போல "வாரேனுங்க" என்று இழுக்க அவருக்கு வராது. "வரேங்க" என்று வெடுக்கென்று முடித்துவிட்டுக் கிளம்புவார். அவர் வண்டி திரும்பியதும் நானும் நீங்களும் அதைச் சொல்லிக்காட்டிச் சிரிப்போம். நான்தான் அதிகமாகச் சிரிப்பேன். நீங்கள் அவர் குடித்த டம்ளரைக் கழுவிக்கொண்டே சிரிப்பீர்கள்.

இப்படி மூன்று வருஷம் போனது. அப்போதுதான் மாமனுக்கு அறுபதாம் கல்யாணம் வந்தது. திருக்கடையூரில் வைத்தார்கள். ஒரு வேன் நிறைய ஆள். கோகிலாவை அம்மாவிடம் விட்டுவிட்டு நாம் இரண்டு பேரும் போனோம். அந்த விசேஷத்துக்கு மூன்று நாள் உட்கார்ந்து முறுக்குச் சுட்டது நீங்கள். மண்டபத்தில் வரிசையாக வயதான ஜோடிகள் மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்தார்கள். மாமன் தாலியைக் கையில் எடுத்தார். நீங்கள் தட்டு ஏந்திக்கொண்டு முன்னால் நின்றீர்கள். அத்தை உங்கள் தோளைத் தொட்டு, ரொம்ப அன்பாகத்தான், "நீ சித்தெ அக்கட்டால நில்லு சாமி" என்றார். நீங்கள் தட்டை என் கையில் கொடுத்துவிட்டுத் தூணுக்குப் பின்னால் போனீர்கள். எனக்கு அது தப்பாகப் படவில்லை. தாலி கட்டும் நேரத்தில் தாலியறுத்தவர்கள் தள்ளி நிற்பதுதான் வழக்கம் என்று நினைத்தேன். நினைத்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. யோசிக்கவேயில்லை.

சாப்பாடு ஆனதும் எல்லாரும் சத்திரத்தில் பாயை விரித்துப் படுத்துவிட்டார்கள். நீங்கள் என் காலைத் தட்டினீர்கள்.

"அம்மிணி, கடலு பக்கத்துலதானாமா. வா, போயிட்டு வந்தரலாம்."

"சொல்லாமப் போனா திட்டுவாங்க நங்கை."

"திட்டட்டும். வந்து வாங்கிக்கலாம்."

பஸ் ஏறுமுன் கோயில் தெருவில் ஒரு பூக்கடையில் நின்றீர்கள். மல்லிகையும் செவ்வரளியும் கொஞ்சம் வெற்றிலையும் வாங்கினீர்கள். நீங்கள் தலையில் பூ வைப்பதில்லை. அதனால் எனக்கென்று நினைத்துத் தலையைத் திருப்பிக் காட்டினேன். நீங்கள் பூவை முந்தானையில் முடிந்துகொண்டீர்கள். சாமிக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

தரங்கம்பாடியில் இறங்கியதும் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ஊர் என்றால் ஒரு டீக்கடை, ஒரு மளிகைக்கடை, நாலு ஆள் நிற்க வேண்டாமா. இங்கே ரோட்டுக்குக் குறுக்கே வெள்ளையாக ஒரு பெரிய வாசல் மட்டும் நின்றது. அதன் நெற்றியில் நமக்குப் புரியாத எழுத்து. அதைத் தாண்டினால் நேராக ஒரு தெரு, இரண்டு பக்கமும் தடித்த தூண் வைத்த மச்சு வீடுகள், யானை போகிற உயரத்துக்குக் கதவுகள், எல்லாம் சாத்தியிருந்தன. டேனிஷ்காரர்கள் என்று ஒரு வெள்ளைக்காரக் கூட்டம் கட்டியது என்று பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் சொல்லியிருந்தார். எனக்கு வெள்ளைக்காரன் என்றாலே இங்கிலீஷ்காரன்தான். இதென்ன புதிதாக ஒருத்தன் என்று குழம்பிப்போனேன். நீங்கள் ஒவ்வொரு வீட்டையும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு வந்தீர்கள்.

"இந்த ஊட்டுல ஆயிரங் கோழி தாராளமா நிக்கும் அம்மிணி. காத்தோட்டத்தப் பாரு."

கிறிஸ்தவர்களின் வேதக்கோயில் ஒன்று, அதற்கு எதிர்வரிசையில் சற்றுத் தள்ளி இன்னொரு வேதக்கோயில். இரண்டுக்கும் ஒரே சாமிதானே, எதற்கு இரண்டு என்று கேட்டேன். "நம்மூருல மாரியாத்தா எத்தன எடத்துல இருக்கறா" என்றீர்கள். தெரு முடிகிற இடத்தில் கோட்டை. எனக்குச் சப்பென்று போய்விட்டது. கோட்டை என்றால் சங்ககிரி மாதிரி மலையைச் சுற்றிக்கொண்டு மேலே போகவேண்டும், இல்லையென்றால் நாமக்கல் மாதிரி பாறை மேல் ஏறி உட்கார்ந்திருக்கவேண்டும். இது மணலில், தண்ணீருக்குப் பக்கத்தில், பெட்டி வைத்தது மாதிரி இருந்தது. எதிரி வந்தால் எங்கே ஏறுவது என்று நான் கேட்க, "எதிரி கடல்லருந்து வருவான், இவங்க அதே கடல்ல ஓடிருவாங்க" என்றீர்கள். நாம் இரண்டு பேரும் அந்த வெயிலில் நின்று சிரித்தோம். அண்ணன் போன பிறகு நீங்கள் அப்படிச் சத்தம் போட்டுச் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கடலை நான் முதல்முதலாகப் பார்த்ததும் அன்றைக்குத்தான். அதைப் பற்றி எழுதலாம் என்று பார்க்கிறேன், ஒன்றும் நினைவில்லை. கரையில் ஒரு சிவன் கோயில் இருந்தது மட்டும் நினைவிருக்கிறது. முன்பாதியைக் கடல் தின்றுவிட்டிருந்தது. கல் கல்லாக அலைக்குள் கிடந்தது. நீங்கள் அங்கே வெகுநேரம் நின்றீர்கள்.

"இடிஞ்ச கோயில்ல கேக்கக் கூடாது" என்றீர்கள்.

"என்னத்தக் கேக்கறது?"

நீங்கள் கரையோரமாக நடந்தீர்கள். நான் செருப்புக்குள் மணல் புகுந்து தடுமாறிக்கொண்டு பின்னால் வந்தேன். கொஞ்ச தூரம் போனதும், முகத்தைத் திருப்பாமலே சொன்னீர்கள்.

"ஊசிக்காரரு ஒரு வார்த்த கேட்டாரு அம்மிணி."

"என்ன, இன்னுங் கொஞ்சம் ஐஸு வேணும்னா?"

"கட்டிக்கறீங்களான்னு கேட்டாரு."

நான் நின்றுவிட்டேன். நீங்கள் நான்கு எட்டு முன்னால் போய், பிறகு நின்றீர்கள்.

"கோகிலா?" என்றேன். எனக்கு வாயில் முதலில் வந்தது அதுதான்.

"அவளையுங் கூட்டிட்டு வாங்கன்னாரு."

"அம்மா உடுவாங்களா?"

"உடமாட்டாங்க."

"அப்பறம்?"

"அதான், கேக்கலாம்னு."

"சாமிகிட்டயா?"

"ம்" என்றீர்கள்.

இந்த இடத்தை மறுபடி மறுபடி சொல்லிப் பார்க்கிறேன், நங்கை. சாமிகிட்டயா என்று கேட்டது நான். நீங்கள் ம் என்று மட்டும்தான் சொன்னீர்கள்.

அப்போது எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது, முந்தானையில் இருந்த பூ எதற்கென்று. பூக் கேட்பது நமக்குப் புதிதா? கிணறு வெட்ட, பெண் எடுக்க, நிலம் வாங்க, எல்லாவற்றுக்கும் கேட்போம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், இரண்டையும் ஒரே மாதிரி மடித்துச் சாமி முன்னால் போட்டு, எது எதில் இருக்கிறது என்று தெரியாத ஒருவரை எடுக்கச் சொல்வோம். வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் வேண்டாம். ஆனால் இந்தக் கேள்வியை நம் ஊரில் எந்தக் கோயிலில் போய்க் கேட்பீர்கள்? பூசாரி பொழுது சாய்வதற்குள் ஊர் முழுக்கச் சொல்லியிருப்பான். அதற்காகத்தான் இவ்வளவு தூரம் வந்து, முகம் தெரியாத ஊரில் சாமி தேடுகிறீர்கள் என்று புரிந்துகொண்டேன்.

கோட்டையைத் தாண்டி, சீமைக்கருவேல முள்ளுக்கு நடுவில் அந்தக் கட்டடம் நின்றது. உருண்டைக் கூரை, தடித்த சுவர், குட்டை வாசல், உள்ளே கும்மிருட்டு. கருவறை வேறு எப்படி இருக்கும்? நான்தான் கையைக் காட்டினேன். "அதா ஒரு கோயிலு நங்கை" என்றேன். அதற்குப் பக்கத்தில் ஒரு பெண்பிள்ளை மணலில் மீன் காயப் போட்டுக்கொண்டிருந்தார். கோயிலுக்குப் பக்கத்தில் கருவாடா என்று முகம் சுளித்தேன். கடற்கரை வழக்கம் போலிருக்கிறது என்று தேற்றிக்கொண்டேன். செருப்பைக் கழற்றிவிட்டுக் கால் கழுவக் கடலுக்குப் போனேன். திரும்பி வரும்போது நீங்கள் அந்தப் பெண்பிள்ளையோடு பேசிவிட்டு வந்துகொண்டிருந்தீர்கள்.

"என்னவாமா?"

"ஒண்ணுமில்ல. உள்ள போலாமாமா."

உள்ளே குளிர்ச்சியாக இருந்தது, வௌவால் நாற்றம் அடித்தது. சுவரில் விளக்கு வைக்கிற மாதிரி ஒரு மாடம். சாமியைக் காணோம். நான் இருட்டுக்குக் கண் பழகட்டும் என்று காத்திருந்தேன். பழகிய பிறகும் காணோம்.

"சாமி இல்லீங்களே நங்கை."

"நம்ம கன்னிமாரு கோயில்ல மட்டும் என்ன இருக்குது? ஏழு கல்லுதான?"

அது எனக்குச் சரியாகப் பட்டது. நீங்கள் திரும்பி நின்றுகொண்டு வெற்றிலையில் பூவை மடித்து, வாழைநாரால் கட்டி, இரண்டு பொட்டலத்தையும் தரையில் போட்டீர்கள். நீங்கள் கும்பிட்டீர்களா என்று யோசிக்கிறேன். நான் கும்பிட்டது நினைவிருக்கிறது. நீங்கள் வாசல் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு என்னையே பார்த்து நின்றதும் நினைவிருக்கிறது.

"எடு அம்மிணி" என்றீர்கள்.

நான் குனிந்தேன். எடுத்தேன். நீங்கள் பிரித்தீர்கள். செவ்வரளி.

"செரி" என்றீர்கள். இன்னொரு பொட்டலத்தைப் பிரிக்காமல் மாடத்தில் வைத்தீர்கள். "போலாமா? வேன்காரன் தேடுவான்."

அவ்வளவுதான். பஸ்ஸில் வேர்க்கடலை வாங்கிக் கொடுத்தீர்கள். தோலை ஊதி ஊதித் தின்றோம். சத்திரத்தில் அத்தை திட்டினார், வாங்கிக்கொண்டோம். அடுத்த மாதம் ஊசிக்காரர் வந்தபோது தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று அவரோடு கொஞ்ச நேரம் பேசினீர்கள். அன்றைக்கு அவர் "வரேங்க" என்று சொல்லவில்லை, தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார். அதற்கடுத்த மாதம் ஊசி போட வேறொருத்தர் வந்தார்.

தை மாதத்தில் எனக்குக் கல்யாணம். வீட்டையும் அம்மாவையும் பார்த்துக்கொள்ள நீங்கள் இருந்ததால்தான் அது நடந்தது. நீங்கள் வாழப்பாடிக்குப் போயிருந்தால் அம்மாவை யார் தலையில் கட்டுவார்கள்? என் தலையில்தான். அது எனக்கு அன்றைக்கே தெரியும். முகூர்த்தத்தில் நீங்கள் பந்தல் காலுக்குப் பின்னால் நின்றீர்கள். நான் மணவறையிலிருந்து உங்களைப் பார்த்தேன். நங்கை இங்கே வாங்க என்று கூப்பிட்டிருந்தால் யார் என்ன செய்திருப்பார்கள்? நான் கூப்பிடவில்லை. ராசிபுரத்துக்கு வாழ வந்துவிட்டேன். அம்மாவுக்குப் பதினான்கு வருஷம் நீங்கள் செய்தீர்கள். படுக்கையில் கிடந்த கடைசி மூன்று வருஷம் குளிப்பாட்டியதும் நீங்கள்தான். நான் ஞாயிற்றுக்கிழமை வருவேன், கறிக்குழம்பு சாப்பிடுவேன், பொழுது சாய்வதற்குள் பஸ் ஏறிவிடுவேன். ஏதாவது சங்கடமாகத் தோன்றினால், சாமி சொன்னதுதானே, நாம் என்ன செய்ய முடியும் என்று நினைத்துக்கொள்வேன். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு முப்பத்திரண்டு வருஷம் நன்றாகவே தூங்கினேன்.

அந்தச் சாமிதான் இப்போது வெடிமருந்து ஆகிவிட்டது. முதலில் எனக்கு வந்தது சிரிப்பு. அப்புறம் பயம். சாமியே இல்லாத இடத்தில் கேட்ட பூவுக்கு அர்த்தம் உண்டா? அதை நம்பி ஒரு ஆயுசைக் கழித்துவிட்டீர்களே, தெரியாமல் போய்விட்டீர்களே என்று உங்களுக்காக அழுதேன். நிஜமாகத்தான் சொல்கிறேன், பால் வழிந்த அடுப்பின் முன்னால் நின்று அழுதேன். அப்போது கோகிலாவே கூப்பிட்டாள்.

"அத்தை, படம் பாத்தீங்களா? கடைசிப் படம் உங்களுக்குன்னே எடுத்தது."

"எனக்கா? ஏஞ்சாமி?"

"நீங்களும் அம்மாவும் போனப்ப அந்த மருந்து ரூமக் கோயில்னு நெனச்சு, நீங்க கடல்ல போய்க் காலெல்லாங் கழுவிட்டு வந்தீங்களாமா. மீன் காயப் போட்டுட்டு இருந்தவங்க அம்மாகிட்டச் சொல்லிட்டாங்களாமா, அது கோயிலில்ல, அந்தக் காலத்து வெடிமருந்து ரூமுன்னு. அவ்ளோ பக்தியா நீங்க வரவும், அம்மாவுக்கு உங்ககிட்டச் சொல்ல மனசு வரலயாமா. எத்தன தடவ சொல்லிச் சிரிச்சிருக்குது தெரியுமா?"

"எப்பச் சொன்னாங்க?"

"நான் பள்ளிக்கூடம் போறப்ப இருந்தே சொல்லும்."

"வேற என்ன சொன்னாங்க?"

"வேற என்ன இருக்குது அத்தை?"

வேறு ஒன்றும் இல்லை என்று சொல்லிப் போனை வைத்தேன்.

உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. நான் கால் கழுவிவிட்டு வருவதற்குள்ளேயே தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டேதான் உள்ளே போலாமாமா என்றீர்கள். கன்னிமார் கோயிலில் என்ன இருக்கிறது என்றீர்கள். ஒருவேளை, கேட்கிற இடத்தில் எல்லாம் சாமி உண்டு என்று நினைத்தீர்களோ. இல்லை, வேண்டாம் என்று நீங்களே முன்னால் முடிவு செய்துவிட்டு, சும்மா மனதைத் தேற்றிக்கொள்ள ஒரு இடம் தேடினீர்களோ. அப்படி இருந்தால் எனக்கு நல்லது. ஆனால் வேண்டாம் என்று முடிவு செய்தவர் மூன்று நாள் முறுக்குச் சுட்ட கையோடு, வெயிலில் பஸ் ஏறி, கோயில் கோயிலாகத் தேடுவாரா? இல்லை, உங்களுக்குச் சம்மதம்தான், வெள்ளை வந்துவிடும் என்று நம்பினீர்களோ. ஒன்றைப் பிடித்தால் இன்னொன்று நழுவுகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் இவ்வளவு நேரம் சுற்றி வந்துகொண்டிருக்கிறேன். நம் பக்கம் பூக் கேட்டால் இரண்டும் அரளியாக இருக்கும். வெள்ளரளி, செவ்வரளி. தொட்டாலும் ஒன்றுதான், மோந்தாலும் ஒன்றுதான். அதற்காகத்தானே அதை வைப்பது. நீங்கள் வாங்கியது மல்லிகை. வெற்றிலையில் மடித்தால் மல்லிகை வாசம் அடங்குமா? திருக்கடையூர்ப் பூக்கடையில் வெள்ளரளி தீர்ந்துபோயிருந்தது என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். இப்போது கண்ணை மூடினால், கூடையில் வெள்ளையாகக் குவிந்து கிடந்தது மாதிரி தோன்றுகிறது. நிஜமாகவே கிடந்ததா, நானாகக் கொண்டுவந்து கொட்டுகிறேனா, தெரியவில்லை. சத்தியம் செய்யச் சொன்னால் செய்ய மாட்டேன்.

ஆனால் இதற்குச் சத்தியம் செய்வேன். வெளியே காய்ந்த மீன் நாற்றத்தில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை என்று நானே எனக்குச் சொல்லி வைத்திருந்தேன். அது பொய். குனிந்தபோது இடது பக்கப் பொட்டலத்தில் மல்லிகை வாசம் வந்தது. என் கை வலது பக்கம் போனது.

கோகிலாவுக்காக என்று சொல்லலாம். அம்மாவுக்காக என்றும் சொல்லலாம். அந்த நொடியில் எனக்கு அவர்கள் யாரும் நினைவில் இல்லை. நீங்கள் போய்விட்டால் நான் தனியாக மாட்டிக்கொள்வேன் என்பது மட்டும்தான் இருந்தது. நீங்கள் வாசலில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். சாமி இல்லாத அறையில், வாசம் அடிக்கிற பூவை வைத்து, யாரைக் கேட்டீர்கள் நங்கை? என்னைத்தானா? போகட்டுமா என்று என் முகத்தைப் பார்த்து நேராகக் கேட்டிருந்தால் நான் கூச்சப்பட்டாவது போங்கள் என்று சொல்லியிருப்பேனே. அது தெரிந்துதான், கூச்சப்படாமல் பதில் சொல்லட்டும் என்று எனக்கு இருட்டைக் கொடுத்தீர்களா?

கேட்டது என்னை என்றால், பதில் சொன்னவளும் நான்தான். அதற்கு நீங்கள் ஒரு கோபம்கூடக் காட்டவில்லை. வேர்க்கடலை வாங்கிக் கொடுத்தீர்கள். எனக்கு உங்கள் மேல் கோபம் வருகிறது. திட்டியிருந்தால் எனக்கு ஒரு வழி பிறந்திருக்கும்.

மூன்று நாள் பொறுத்துப் பார்த்தேன். நேற்று மத்தியானம் கோகிலாவைக் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஊசிக்காரர் கேட்டது, பூ, மல்லிகை வாசம், என் கை போன பக்கம், எதையும் விடவில்லை. அவள் வீட்டில் குக்கர் இரண்டு விசில் அடித்தது. அவள் கத்துவாள், போனை வைத்துவிடுவாள் என்று காத்திருந்தேன். அவள் உங்கள் மகள்.

"அவுரு என்னையுங் கூட்டிட்டு வரச் சொன்னாருங்களா அத்தை?" என்றாள்.

"ஆமாஞ்சாமி."

குக்கரை இறக்கி வைத்துவிட்டு வந்து, "அவுரு பேரு என்னங்கத்தை?" என்று கேட்டாள்.

வாயைத் திறந்தேன். ஊசிக்காரர் என்றேன். அது பேரா என்றாள். வாழப்பாடிக்காரர் என்றேன். அதுவும் பேரில்லை என்று எனக்கே தெரிந்தது. மாதம் தவறாமல் மூன்று வருஷம் நம் வீட்டுக்கு வந்தவர், நம் டம்ளரில் டீ குடித்தவர், உங்களையும் குழந்தையையும் சேர்த்துக் கேட்டவர். உங்களுக்குத் தெரிந்திருக்கும். நான் ஒருநாளும் கேட்டதில்லை, நங்கை. வேண்டாம் என்று சொல்வதற்கு எனக்கு அவர் பெயர் தேவைப்படவில்லை.